ஓட்டின் பின்புறம்

கெசியா கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஓட்டின் மேல் படிந்திருந்த வெள்ளைக் களிமண் குழம்பைச் சுரண்டினாள். சிவப்பு மண்ணில் கூர்முனை வளைவும் அதற்குள் மூன்று இலைகளும் வெள்ளையாய்த் தெளிந்து வந்தன.

பர்ஸ்லம் ஊரின் ஓட்டுப் பட்டறையில் ஆறு வாரமாக இதே வேலைதான். மேட்டுத்தெரு தேவாலயத்துக்குப் புதுத் தரை ஓடுகள்.

அந்தத் தேவாலயத்தின் மதிலுக்கு வெளியேதான் அவள் மகனைப் புதைத்திருந்தார்கள். குருவானவர் வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை.

யாரும் பார்க்காத நேரத்தில் ஓட்டைத் திருப்பினாள். ஈரம் முழுதும் காயாத அதன் முதுகில் கத்தி முனையால் ‘சைலஸ்’ என்று மகனின் பெயரைக் கீறினாள்.

பெயராவது உள்ளே போகட்டும். ஓட்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததைச் சுரண்டத் தொடங்கினாள்.

“ஏண்டி, இந்தத் தேய் தேய்ச்சா ஓடு போயி பலகைதான் மிஞ்சும்,” என்றாள் பக்கத்திலிருந்த டார்கஸ்.

கெசியா சிரிப்பதற்குள் மேஸ்திரி டனிக்ளிஃப் தரையின் வரைபடத்தோடு வந்துவிட்டார். வழக்கமாக ஓரத்து ஓடுகளைத்தான் திருப்பி, பதிக்க வேண்டிய இடத்தின் எண்ணை ஆணியால் கீறுவார். இன்று அவள் அடுக்கிலும் கை வைத்தார்.

பழுதான ஓட்டை அங்கேயே உடைத்து மண் தொட்டியில் போடுகிறவர் அவர். ஞாயிறுதோறும் அதே தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவரும்கூட.

மேலே இருந்த ஓட்டைத் திருப்பினார். ஆணி அந்தரத்தில் நின்றது.

கெசியா தலை குனிந்துகொண்டாள்.

“இவ்வளவு மேலோட்டமாக் கீறினா சூளையில மங்கிடும்மா,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பெயரின் மேல் ஆணியை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஆழப்படுத்தினார். பிறகு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பெயருக்குக் கீழே இருநூற்றுப் பதினொன்று என்று எண்ணைக் கீறினார்.

ஓட்டை அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்தார். வரைபடம் பலகையிலேயே கிடந்தது. எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவர் அல்ல அவர்.

கெசியா அதில் விரல் வைத்து அந்த எண்ணைத் தேடினாள். வாசலோரம் பார்த்தாள். பின்வரிசைப் பெஞ்சுகளின் அடியில் பார்த்தாள். அங்கெல்லாம் அந்த எண் இல்லை.

ஞானஸ்நானத் தொட்டியை ஒட்டி இருந்தது. பிள்ளைகளின் தலையில் வார்க்கும் தண்ணீர் வழிந்து சொட்டும் இடம்.