அசையாத வலை

ஒருவருக்கு நல்லது செய்துவிட்டு, மாட்டிக்கொள்வோமோ என்று நீங்கள் நடுங்கியதுண்டா?

"அக்கா, கயித்த இழுக்காத! நான் என்ன உன் நாய்க்குட்டியா?" கடலிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினான் நார்மண்ட்.

"நாய்க்குட்டின்னா சொன்ன பேச்சு கேக்குமே!" பாறைமேல் நின்றிருந்த லூசில் திருப்பிக் கத்தினாள். கயிற்றின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை தம்பியின் இடுப்பில்.

அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலுள்ள நியூபோர்ட்டில் கடல் சில்லிட்டுப் போயிருந்தது. கோடையில் கரீபியன் பக்கம் பிறக்கும் குஞ்சு மீன்கள் சில, வெப்ப நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டு வழிதவறி இங்கே வந்துவிடும். குளிர் ஏறினால் செத்துப்போகும். அதற்குள் பிடித்துவந்து வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நார்மண்டுக்கு முப்பது வருடப் பைத்தியம்.

பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு நாற்காலி, எதிரே காலித் தொட்டி, அவ்வளவுதான் அவன் உலகம். செப்டம்பரிலிருந்து லூசில் வலுக்கட்டாயமாக ஒன்பது தடவை அழைத்து வந்தாள். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

"இன்னிக்கும் இல்லன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துடுக்கா. இனிமே என்னைக் கூப்பிடாத," என்று காலையில் சொல்லிவிட்டான்.

தொட்டி போனால் தம்பி அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். லூசிலுக்கு அது தெரியும்.

இப்படித்தான் முடியும் என்று பயந்து, நேற்றே மீன் கடைக்குப் போய், "வண்ணத்துப்பூச்சி மீன் ஒண்ணு குடுங்க," என்று கேட்டு வாங்கி வைத்திருந்தாள். மஞ்சள் உடம்பு, கண்மேல் கறுப்புப் பட்டை. சற்றுமுன் அவன் காருக்குப் பின்னால் ரப்பர் உடைக்குள் கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, பாறை இடுக்கில் பையை அவிழ்த்துவிட்டாள். ஈரக் கால்சட்டையை நீளமான கோட்டு மறைத்திருந்தது. பற்கள் கிட்டித்தன.

"அந்த இடுக்குல பாருடா!"

"நீ எப்பலேர்ந்து மீனுக்கெல்லாம் ஜோசியம் பாக்க ஆரம்பிச்ச?"

"பாருன்னா பாரேன்! வாய் மட்டும் குறையல உனக்கு."

இரண்டு சின்னக் கைவலைகளோடு முகத்தை நீருக்குள் கவிழ்த்தான். மூச்சு விடும் ஸ்நார்க்கல் குழாயின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. அது பாறையை நெருங்கியது. நின்றது. லூசில் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அக்கா!"

இரண்டு வலைகளையும் வாயோடு வாய் பொருத்தி மார்பில் அணைத்தபடி எழுந்தான். உள்ளே மஞ்சளாக ஒன்று துள்ளியது.

"ஒரு வலை துரத்தணும், இன்னொண்ணு அசையாம நிக்கணும். இந்தச் செத்த கையில ஒண்ண மாட்டிக்கிட்டேன். இதைவிட அசையாம எவனால நிக்க முடியும், சொல்லு!"

வாய்விட்டுச் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. லூசில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழறியா?"

"காத்துடா. கண்ணுல அடிக்குது."

மீனை வாளியில் விட்டார்கள். லூசில் குனிந்து பார்த்து, தன்னால் முடிந்தவரை நடித்தாள். "பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு!"

நார்மண்ட் வாளியையே வெகுநேரம் பார்த்தான்.

"ரொம்ப தூரம்க்கா," என்றான். "ரொம்ப நன்றிக்கா."

"எனக்கெதுக்கு? கடலுக்குச் சொல்லு."

அவன் கடலைப் பார்த்துத் திரும்பி, நல்ல கையை உயர்த்தி ஒரு சலாம் வைத்தான். மாட்டிக்கொள்ளவில்லை என்று லூசிலுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை, அவள் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில், நார்மண்ட் தன் மீன்பிடி நண்பன் டுவார்த்தேவுக்குப் போன் செய்தான்.

"இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் சிக்கலடா. தொட்டியில இருக்கறதா? அது பசிபிக் மீன், நம்ம கடலுக்கு ஜென்மத்துக்கும் வராது. எங்க அக்கா அந்தக் குளிர்ல முழங்கால்வரைக்கும் எறங்கி விட்டுட்டு வந்திருக்கா, கோட்டுக்கு அடியில கால்சட்டை ஈரமா இருந்தத நான் பாத்தேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத."

போனை வைத்துவிட்டு, மீனுக்கு இரை போட்டான்.