மணி அடிக்காதீர்கள்

"குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள்" என்று நான்கு மாதமாக வாசல் கதவில் தொங்கிய அட்டையை அருள்மொழி இன்று கழற்றிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வீசினாள். காலை ஆறு மணிக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கிய மகள் பன்னிரண்டாகியும் கண் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினால் தூக்கத்திலேயே சிரித்தாள். குக்கரில் வெறும் தண்ணீர் வைத்து ஆறு விசில் விட்டும் பலனில்லை. பால் கட்டி, மார்பு இரண்டும் கல்லாய் இறுகி, கையைத் தூக்கினாலே உயிர் போனது.

அப்போது சிலிண்டர்காரர் படியேறி வந்தார். அவள் முன்பு கெஞ்சிக் கேட்டிருந்தபடியே, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல சிலிண்டரைத் தரையில் வைத்தார்.

"அண்ணே, ஸ்பேனரால அதுல நாலு தட்டு தட்டுங்களேன்."

"பாப்பா தூங்குதேம்மா" என்று அவர் கிசுகிசுத்தார்.

ஸ்பேனரைப் பிடுங்கி அவளே ஓங்கி அடித்தாள். கீழ்வீட்டுக் குழந்தை வீறிட்டது. அந்த அழுகை காதில் விழுந்ததுமே அருள்மொழியின் நைட்டி இரண்டு பக்கமும் நனைந்தது. மகள் மட்டும் அசையவில்லை.

கீழ்வீட்டு ரெஜினா அழும் பிள்ளையோடு மேலே வந்தாள். "ரெண்டு மணி நேரம் ஆட்டி இப்பத்தான் படுக்க வெச்சேன். எழுப்புனது நீங்கதானே, நீங்களே தூங்க வைங்க!" என்று பிள்ளையை அருள்மொழியின் கையில் திணித்தாள்.

அழுகை நின்றது. பிள்ளை ஈரத்துணியை முகர்ந்து, முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தது. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிலிண்டர்காரர் அட்டையை எடுத்துக் கதவில் மறுபடி மாட்டிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கினார்.