கட்டாத முனை

சோலார் பேனலை மூடிய படுதாவின் மூன்று முனைகளைச் சட்டத்தின் இரும்புக் கால்களில் கட்டினார்கள். நான்காவது முனையின் கயிற்றை மரியதாஸ் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

மணி பதினொன்று. நெட்டப்பாக்கத்தைத் தாண்டிய அந்தக் கரும்புக் கொல்லையில் காற்று திசை மாறி மாறி அடித்தது.

பள்ளத்துக்குள் ரோஸ்லின் குந்தியிருந்தாள். மூன்று நாளைக்கு முன்பு டிராக்டர் கலப்பை மண்ணுக்கடியில் போன பைப்பை உடைத்து, அதற்குள்ளே பேனலிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரையும் நசுக்கிவிட்டிருந்தது. பைப்புக்குள் தண்ணீர். சேற்றில் முழங்கால் பதிய, ஒயரின் மேல்தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

சுவிட்சு மோட்டார் பக்கம்தான் இருந்தது. பேனல் பக்கத்து பிளக் உருகி ஒட்டிப்போயிருந்தது. பேனல் மேல் வெயில் விழுகிறவரைக்கும் ஒயரில் கரண்ட் இருக்கும். படுதா மூடியிருப்பதால்தான் அவள் அதில் கை வைக்க முடிந்தது.

அவளுடைய புருஷன் பாக்யராஜும் மரியதாஸும் பதினொரு வருஷம் ஒன்றாக இந்த வேலை பார்த்தவர்கள். பாக்யராஜ் செத்த ஆறாம் மாதம் அவனுடைய டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ரோஸ்லின் வேலைக்குக் கிளம்பினாள். அப்போதிலிருந்து ஒரு நாள்கூட மரியதாஸைக் கூப்பிட்டதில்லை.

இன்று காலையில் கூப்பிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

வந்ததிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளங்கை வேர்த்துக் கயிறு வழுக்கியது. இன்னொரு சுற்று சுற்றினான்.

“ஆச்சாம்மா?”

“இன்னும் ஒரு ஒட்டுதாண்ணா.”

முன்னே கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

படுதா திடீரென்று உப்பி எழுந்தது. மரியதாஸ் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தான். கயிறு விரல்களை அறுத்தது. ரோஸ்லின் ஒயரிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கொல்லைக்காரர் குமரவேல் டீ கொண்டுவந்தார். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாமல் கரும்பு வாடுகிறதே என்று அவருக்கு அவசரம். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு மரியதாஸிடம் திரும்பினார்.

“இன்னாத்துக்குப்பா தொங்கிக்கினு நிக்கற? அந்தக் கால்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து டீயக் குடி.”

மரியதாஸ் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அன்றைக்கு அவன் அதைத்தான் செய்தான். பள்ளத்துக்குள் பாக்யராஜ் இருந்தான். மரியதாஸுக்குக் கை கடுத்தது, தாகமாகவும் இருந்தது. கயிற்றை இரும்புக் காலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். ஒரு சொம்பு தண்ணீர்தான். திரும்பி வந்தபோது படுதா வரப்பில் கிடந்தது.

கயிறு அறுந்துவிட்டது என்று போலீசிடம் சொன்னான். ஃபாதரிடமும் அப்படியே சொன்னான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லினிடமும் சொன்னான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“முடிஞ்சிதுண்ணா.”

ஒட்டுப் போட்ட இடத்தில் ரப்பர் உறையை இறுக்கி, பைப்பைப் பொருத்திவிட்டு ரோஸ்லின் மேலே ஏறினாள். கிளவுசைக் கழற்றினாள். அப்போதும் மரியதாஸ் கயிற்றை விடவில்லை. அவளே வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கயிற்றில் ரத்தம் ஒட்டியிருந்தது.

படுதாவை உருவி, சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது. குமரவேல் மடை திறக்க ஓடினார்.

“நாளைக்கு சோரியாங்குப்பத்துல ஒரு வேல கீது. காலையில வந்துடுண்ணா.”

“வேற யாரையாவது இட்டுக்கினு போம்மா. என்னால முடியாது.”

ரோஸ்லின் படுதாவை மடித்துக்கொண்டே, அக்கம்பக்கத்துச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள்.

“போலீசுல அவரு பையோட அந்தக் கயித்தையும் குடுத்தாங்க. வூட்லதான் வெச்சிருக்கேன். எங்கயும் அறுந்துபோவல.”

மரியதாஸ் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்க. பள்ளத்துல எறங்குனா நான் மேல வந்தாவணும். மத்தவன் எப்ப வுடுவான்னு தெரியாது. நீ இனிமே வுடமாட்ட.”

மறுநாள் ஏழு மணிக்கே, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மரியதாஸ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டான்.