நான்கு நிமிடம் அசையாதவர்

"இது நம்ம ரயில் நிலையமா? ஜனத்தையெல்லாம் எங்கே விரட்டினே?"

அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கேட்டான். இரைச்சலும் நெரிசலுமாக இருக்கும் கூடம், படத்தில் கழுவிவிட்டது போல் காலியாகக் கிடந்தது.

மனைவி லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாம் இந்த ஃபில்டர் செய்யற வேலை. வெளிச்சத்தை வடிகட்டிடும். அதனால ஷட்டரை நாலு நிமிஷம் திறந்தே வைக்கலாம். நடக்கறவங்க, ஓடறவங்க யாரும் பதிய மாட்டாங்க. அசையாம இருக்கறது மட்டும்தான் படத்துல விழும்."

பொழுதுபோக்காக ஆரம்பித்த கேமரா ஆசை அவளுக்கு இப்போது நன்றாகவே முற்றியிருந்தது. ஏதோ போட்டியாம், ஆளே இல்லாத ரயில் நிலையம் வேண்டுமாம். நாலு நாளாக நிலையத்தின் மாடிப் படிக்கட்டில் ட்ரைபாடும் கையுமாக நின்றிருக்கிறாள்.

"ஆனா ஒருத்தர் கெடுத்துட்டார். கடைசி பெஞ்சுல பாருங்க."

பார்த்தான். பகீரென்றது. கடுகளவு முகம்தான். ஆனாலும் தன்னைத் தனக்குத் தெரியாதா?

அவனுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் சொல்லத்தான் நா எழவில்லை. தினமும் ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புவான். அந்த பெஞ்சில் பொழுதைக் கழித்துவிட்டு, ஆறு மணிக்கு, "இன்னிக்கு ஆபீஸ்ல மூச்சுவிட நேரமில்லை" என்றபடி வந்து நிற்பான்.

"நாலு நாளும் அதே இடத்துல இருக்கார்" என்றாள் அவள். "நாலு நிமிஷம் ஒரு மனுஷன் அசையாம இருக்கார்னா, மனசுல எவ்வளவு பாரம் இருக்கணும்! பெரிசாக்கி முகத்தைப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! யாரோ வேலைவெட்டி இல்லாத ஆளு. சாஃப்ட்வேர்லதான் அழிக்கலாமே, அழிச்சிடு."

"எனக்கு மனசு வரல. நீங்களே அழிங்க."

மவுஸை வாங்கிக்கொண்டான். அந்த உருவத்தின் மேல் வைத்துத் தேய்த்தான். தலை போயிற்று, தோள் போயிற்று, மடியில் கோத்திருந்த கைகளும் போயின. பெஞ்சு மட்டும் மிஞ்சியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனிமே பரிசு உனக்குத்தான்!" என்று சிரித்தபடி திரும்பினான்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போட்டியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்களான்னுதான் பார்த்தேன். நாளையிலேர்ந்து அந்த பெஞ்சு நிஜமாவே காலியா இருக்கட்டும். வீட்டுலயே இருங்க."