எதிர் விடுதிச் சாப்பாடு

மகளின் கல்யாண விருந்துக்கும், முப்பது பேர் தங்கவும் இடம் தேடி, ஹென்ரியெட்டா அந்தப் பவேரியக் கிராமத்து விடுதிக்கு வந்தாள்.

"எதிர் விடுதியிலயும் விசாரிக்கலாம்னு..."

"வால்புர்காகிட்டயா?" விடுதிக்காரர் கொர்பினியான் முகம் சுளித்தார். "அவ உருளைக்கிழங்கு உருண்டைய எறிஞ்சா மாடு செத்துடும்மா! குழம்பா அது? பாத்திரம் கழுவின தண்ணி!"

"சரி, விருந்து உங்ககிட்டயே. இப்ப கொஞ்சம் ருசி பாக்கலாமா?"

"இன்னிக்குச் செவ்வாய், எங்களுக்கு லீவு. அடுப்பே மூட்டல. நாளைக்கு வாங்க."

மதியம் பசி தாங்காமல், மனசே இல்லாமல் எதிர் விடுதிக்குள் நுழைந்தாள் ஹென்ரியெட்டா. மூலை மேசையில் மனைவி மக்களோடு கொர்பினியான்! தட்டைக் கிட்டத்தட்ட நக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா... எவ்வளவு மோசம்னு பாக்க வந்தேன்" என்று மென்று விழுங்கினார்.

"பதினெட்டு வருஷமா ஒரு செவ்வாய் விடாம பாக்கறாரு" என்றாள் வால்புர்கா, அடுத்த தட்டு பன்றி வறுவலை வைத்தபடி.

"முப்பது பேர், ஜூன் மாசம். எழுதிக்கோங்கம்மா" என்றாள் ஹென்ரியெட்டா.