புன்னைக்காயல் விலக்கில் எடுத்த முள்

"இது ஃபாரின் டயர்ம்மா. இங்கன ஒட்ட வராது" என்றார் பாலகணேஷ், மூன்றாவது தடவையாக.

பஞ்சர் ஒட்டும் விஜிலா சக்கரத்தைக் கழற்றிக் காலருகே சாய்த்து வைத்தாள். "முள்ளுக்கு அது தெரியுமா அண்ணாச்சி?"

சுற்றி நின்ற இருபது சைக்கிள்காரர்களும் சிரித்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் தலைவரான பாலகணேஷ் சிரிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில், ஒரே நாளில், நூறு கிலோமீட்டர். தூத்துக்குடியில் அவருடைய பாத்திரக்கடை வாசலில் ஆளுயர பேனர் அப்படித்தான் சொன்னது. மாலையில் பாராட்டு விழா. கேடயத்தில் பெயர்கூடப் பொறித்தாகிவிட்டது.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், புன்னைக்காயல் விலக்குக்கு வந்தபோது, பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

சக்கரம் முழுதாக உட்காரும் முன்பே அவர் போன் கேமராவுக்குப் பேசி முடித்திருந்தார். மாவீரர்களை எதிரிகள் வீழ்த்துவதில்லை, இயற்கைதான் வீழ்த்துகிறது, ஒரு சிறு முள்ளின் முன்னால் மனிதன் யார் என்று நான்கு நிமிடம். அந்த இடத்தில் தோன்றிய பேச்சுக்கு உவமைகள் கொஞ்சம் அதிகம். இனி பின்னால் வரும் காரில் சைக்கிளை ஏற்றவேண்டியதுதான், விதி என்றார்.

அப்போதுதான் சங்கத்திலேயே இளையவனான இந்தப் பாழாய்ப்போன ஷாம், சாலையோரத்து உடைமரத்தில் பஞ்சர் கடைக்கு அடையாளமாகப் பழைய டயர் தொங்குவதைக் காட்டினான்.

ஷாமின் டயரிலும் முள் இருந்தது. விஜிலா அதை முதலில் எடுத்துக்கொண்டாள். டயரின் உள்பக்கம் வெறும் விரலை ஓட்டினாள். கண் என்னவோ சாலையில் போன உப்பு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் நின்ற இடத்தில் குறடு இறங்கியது.

"வேலிக்கருவை. நுனியில உப்பு பூத்திருக்கு பாருங்க. பழையகாயல் உப்பளத்துக்கிட்ட ரோட்டை விட்டு எறங்குனியளோ தம்பி?"

ஷாம் நெளிந்தான். ஒதுங்குவதற்காக இறங்கியிருந்தான்.

விரல் மறுபடி நின்றது. இந்த முறை வந்தது உள்ளேயே முறிந்த துண்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நகத்தின் மேல் வைத்து வெயிலில் திருப்பினாள்.

"இது பழசு. ஒரு வாரம் இருக்கும். அடியில கரிசல் ஒட்டியிருக்கே. விளாத்திகுளம் பக்கம் என்ன சோலி?"

போன ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்துக்குப் பெண் பார்க்கப் போனதை ஷாம் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் முகம் போன போக்கில் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏலே, பொண்ணு பாக்கவும் சைக்கிள்லயா போன?" என்றது ஒரு குரல்.

"எக்கா, அந்தப் பிள்ளைக்கு இவனைப் பிடிச்சிருக்கான்னும் முள்ளைக் கேட்டுச் சொல்லுங்க" என்றது இன்னொன்று.

பாலகணேஷ் வாயடைத்து நின்றார். சங்கம் இதுவரை காணாத காட்சி அது. வாங்கிய சான்றிதழ்களையெல்லாம் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருப்பவர் அவர். இப்படி ஒரு படிப்பை அவர் கண்டதில்லை. ஊசிமுனை அளவு துண்டு ஒன்றில் இவள் ஊரைப் படிக்கிறாள், மண்ணைப் படிக்கிறாள், கிழமையைக்கூடப் படிப்பாள் போலிருக்கிறது. அவருக்குக் கை மயிர் சிலிர்த்தது. கூடவே வியர்த்தது.

"அடுத்தது தலைவர் முள்ளு" என்று கூட்டம் நெருங்கியது. போன்கள் உயர்ந்தன.

"நேரமாவுது, விட்டுரும்மா. கார் வந்துட்டு."

விஜிலாவின் விரல் அதற்குள் உள்ளே போயிருந்தது. பாதிச் சுற்றிலேயே நின்றது. பிடுங்கியதை உள்ளங்கையில் போட்டுக் குனிந்து பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஷாமின் முட்களுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை.

பிறகு நிமிர்ந்தாள். பார்த்தது அவர் முகத்தை அல்ல, வலது கைப் பெருவிரலை. அவர் அதை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார்.

"என்ன முள்ளுக்கா?" தான் மாட்டியது போதாது, தலைவரும் மாட்டவேண்டும் என்ற அவசரம் ஷாமுக்கு.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

"உடைமுள்ளுதான். இந்த ரோட்டுல வேற என்ன கெடக்கு?"

இவ்வளவுதானா என்று கூட்டம் தண்ணீர் குடிக்கக் கலைந்தது.

அவள் டியூபை உப்புத்தாளால் தேய்த்தாள், சொல்யூஷன் தடவினாள், ஊதிக் காயவிட்டு ஒட்டைப் பதித்தாள். தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"காத்து நல்லா நிக்கும் அண்ணாச்சி. நூறு என்ன, எரநூறே போவலாம்."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபடி முள்ளை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

பாலகணேஷ் சாலையோரத்திலேயே இரண்டு கையையும் தூக்கி அவளைக் கும்பிட்டார். அமைச்சர்களுக்குக்கூட ஒரு கையால் வணக்கம் வைக்கிறவர் அவர். பஞ்சர் ஒட்டும் பெண்ணிடம்கூட இவ்வளவு பணிவா என்று சங்கத்தார் நெகிழ்ந்து படம் எடுத்தார்கள்.

கூப்பிய கைகளுக்குள் முள் பச்சையாகவே இருந்தது. விடியுமுன் அவர் வீட்டு வாசல் காகிதப்பூக் கொடியிலிருந்து நகவெட்டியால் நறுக்கிக் கைக்குட்டையில் மடித்து எடுத்துவந்து, வழியில் முக்காணி டீக்கடைக்குப் பின்னால், பெருவிரல் வீங்க அவரே டயரில் அழுத்தி இறக்கிய முள்.