வால்வு

தாலி வேலாயுதத்தின் கைக்கு வந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதிக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணம் அவள் வீட்டிலேயேதான் நடந்தது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் உப்புத் தண்ணீர்தான். தான் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு அம்மா குடத்தோடு அலையக் கூடாதென்று, மழைத்தண்ணீர் பிடிக்க மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கி, கொல்லையில் தொட்டி கட்டி, அதைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்.

“ஐயோ, வால்வு!” என்றாள்.

“என்னது?” என்றான் வேலாயுதம்.

“தொட்டிப் பக்கம் திறந்து கிடக்கு. மாடி அழுக்கெல்லாம் உள்ள போயிடும். முதல் தண்ணிய வெளிய விடணும்.”

“உட்காருடி, முகூர்த்தம் போகுது” என்று அம்மா தோளை அழுத்தினாள். கோமதி எழுந்துவிட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

வால்வு இறுகிக் கிடந்தது. மருதாணிக் கை மழையில் வழுக்கியது. பின்னாலிருந்து இன்னொரு கை வந்து அதைப் பற்றியது.

“எந்தப் பக்கம்?” என்றான் வேலாயுதம்.

“வலப்பக்கம்.”

இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். குழாய் தடதடவென்று அதிர்ந்து, கறுப்புத் தண்ணீரை அவன் பட்டு வேட்டியில் கொட்டியது. கோமதி வாய்விட்டுச் சிரித்தாள்.

“மாப்பிள்ளே, நேரமாச்சு!” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.

வேலாயுதம் தாலியை இடக்கையில் பொத்திக்கொண்டு குனிந்து, வலக்கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்தான்.

“இன்னும் கலங்கலாத்தான் வருது” என்று உள்ளே பார்த்துச் சொன்னான். “தெளியட்டும்.”